செயினுக்குக் கொஞ்சம் தொய்வு

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். பால் தாமதம். தினமும் கொஞ்சம் பேசச் சொல்லியிருக்கிறார் பிசியோ அம்மா, நாக்கும் பழக வேண்டுமாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் மைக்கை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுகிறேன்.

தை மாதம் வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. கை சரியாகிவிட்டது. கால் பாதிதான். மகன் முருகன் கொண்டுவந்த சைக்கிள்தான் மருந்து. ஃப்ரீவீல் இல்லாத வண்டி. சக்கரம் சுற்றும்வரை பெடலும் நிற்காது. மாடி வராந்தாவில் பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியிருக்கிறான். இடது கால் மிதித்தால் வலது காலை அதுவே இழுத்துப் போகிறது. குடிக்காதவன் குடித்தவனை வீட்டுக்குக் கூட்டிப் போகிற மாதிரி. இறங்கும்போது மட்டும் சுவரைப் பிடித்து இடது காலை முதலில் ஊன்ற வேண்டும்.

ஆனால் சத்தம். மாவு மில் சத்தம். கீழ் வீட்டு ரூபாவின் பிள்ளைக்கு இன்னும் தொட்டில்கூடப் போடவில்லை. வீட்டு ஓனர் படியேறி வந்தார்.

"பெரியவரே, கொழந்த தூங்கவே மாட்டேங்குதாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லன்னா வண்டிய எறக்கிடுங்க."

அவர் மேல் தப்பில்லை. வண்டி இறங்கினால் என் காலும் இதோடு சரி.

9, புதன்

முருகன் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு டெலிவரிக்குப் போனான். செயின் தொங்குவதாகப் பட்டது. பின்சக்கர நட்டைத் தளர்த்தி, மருமகள் செல்வியிடம் சக்கரத்தைப் பின்னால் இழுக்கச் சொன்னேன்.

"போதும் மாமா."

"இன்னும் கொஞ்சம் இழும்மா."

கம்பி மாதிரி இறுகியது. தங்கவயல் சுரங்கத்தில் கூண்டு ஏறி இறங்கிய உடம்பு இது. அங்கே கயிறு தொய்ந்தால் கூண்டில் நிற்கிற ஆளுக்கு ஆபத்து. தொய்வைக் கண்டால் இன்றும் கை தானாக இறுக்கப் போகும்.

மிதித்தேன். முன்னைவிட மோசம். கீழே பிள்ளை வீறிட்டது. நிறுத்திவிட்டேன்.

11, வெள்ளி

மழை. முருங்கைக்காய் சாம்பார். உப்பு கம்மி, சொல்லவில்லை.

நேற்றும் மிதிக்கவில்லை. வலது கால் மரக்கட்டை. பாத்ரூம் வரை சுவரைத் தடவிக்கொண்டு போனேன். செல்வி ஜாக்கெட் தைத்துக்கொண்டே பார்த்தாள்.

"மாமா, எம் மிஷின் பெல்ட்ட இப்பிடி இறுக்குனா அதுவுந்தான் கத்தும்."

"இது ஆள் ஏறுற வண்டிம்மா."

"ஏறி எங்க போறீங்க? ஸ்டாண்டுலதான நிக்குது. இன்னா, மைனுக்கா எறங்குது?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது.

12, சனி

நல்ல வெயில். தையல் மிஷின் எண்ணெய், துண்டுத் துணி, ஸ்பேனர்.

சக்கரம் சுற்றும்போதே செல்வி செயினைத் துடைக்கப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். இந்த வண்டி விரலைப் பிடித்தால் விடாது. நிறுத்தித் துடைத்தாள். கண்ணிக்கு ஒரு சொட்டு. சக்கரத்தை ஒரு நூல் முன்னால் தள்ளினோம். அமுக்கினால் செயின் லேசாக அசைந்தது. மனசு கேட்கவில்லை, ஆனாலும் அப்படியே விட்டுவிட்டேன்.

பாதிச் சத்தம் போனது. சுற்றுக்கு ஒரு முறை மட்டும் ஒரு 'கர்'. கையால் மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் இறுகுகிறது, எதிரிடத்தில் தொய்கிறது. முன்னால் இருக்கிற பல்சக்கரம் நடுவில் உட்காரவில்லை. அதன் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, இறுகும் இடத்தில் செயினை மேலிருந்து கத்திரிக்கோல் பிடியால் தட்டினாள். நான் சுற்ற, அவள் தட்ட, பல்சக்கரம் நகர்ந்து நடுவுக்கு வந்தது. எங்கும் ஒரே தொய்வு வந்ததும் போல்ட்டை முடுக்கினோம்.

செல்வி கையெல்லாம் கரி. "ஜாக்கெட் குடுத்தவங்க பாத்தா அவ்ளோதான்."

இவளைப் பெற்றவர்கள் நன்றாக இருக்கட்டும்.

13, ஞாயிறு

காற்று. மிதித்தேன். துணி உரசுகிற சத்தம்தான். ஓனர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

கீழிருந்து ரூபா குரல், அவள் கன்னடத்தில்: "தாத்தா, இவத்து சைக்கிள் இல்வா?"

இன்று சைக்கிள் இல்லையா என்று கேட்கிறாள். "ஆயித்தம்மா" என்றேன். மிதித்து முடிந்தே விட்டது, அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை.

பிள்ளை தூங்குகிறதாம்.

இறங்கினேன். எந்தக் காலை முதலில் ஊன்றினேன் என்று நான் கவனிக்கவில்லை. செல்விதான் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"மாமா, வலது."