பீலிக்குப் போட்ட பூட்டு

பதுளை

சௌந்தரத்துக்கு,

நம் நிலத்து ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக் குழாய்க்கு நான் போட்ட பூட்டை நேற்றுக் காலையில் நானே கழற்றிவிட்டேன். அப்புத்தளையில் உன் அண்ணன் வீட்டுக்குச் செய்தி வந்திருக்கும். ஆனாலும் நான் எழுதுவதுதான் மரியாதை.

ரயில் பாதைக்கு மலை உடைக்கிற சனங்களுக்கு நீ தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததை மற்றக் கடைக்காரர்கள் தீட்டு என்றார்கள். வியாபாரம் போய்விடுமே என்று பயந்து பூட்டினேன். அந்தச் சனங்கள் ஓடைத் தண்ணீரைக் குடித்தார்கள். அவர்களில் இருளாயியின் கைப்பிள்ளை வயிற்றுப்போக்கில் போய்விட்டது. அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு நீ போனாய்.

முந்தாநாள் இருளாயியே கடைக்கு வந்தாள். "இனிமேல் ஆள் வைத்து ஊற்றச் சொல்கிறேன்" என்றேன்.

"யாரும் எட்ட நின்னு ஊத்த வேணாம் முதலாளி, நாங்களே பிடிச்சுக்கிறோம். ரயிலுப் பாதைய நாங்கதான் தொட்டுத் தொட்டுப் போடுறோம். ரயிலு வந்தா நீங்க ஏறாமலா இருக்கப்போறீங்க?"

பக்கத்துக் கடை அலவி நானா சிரித்துவிட்டார். "ஊரையே மடக்குற முதலாளிய இவ மடக்கிப்புட்டாளே!"

பேசி முடித்தது இதுதான். பீலியைச் சுற்றிக் கல் பாவுவது அவர்கள் வேலை, சுண்ணாம்பு என் செலவு. பூட்டும் கிடையாது, ஊற்றிக் கொடுப்பதும் கிடையாது. முதலில் வந்தவர் முதலில் பிடிக்கலாம். நம் வீட்டுக் குடமும் வரிசையில்தான் நிற்கவேண்டும். அதற்கு ஆள் அனுப்பக்கூடாது, நீயோ நானோதான் வரவேண்டும் என்றாள் இருளாயி. நீ வருகிறவரை நான் நிற்பதாக ஒப்புக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்