ஸ்டோர் ரூமுக்கு எதற்கு ஜன்னல்?

மார்ச் 4, செவ்வாய்

சமையலறைச் சுவரை இன்று உடைத்தார்கள். மேஸ்திரி முதல் அடி போட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருஷம் அந்தச் சுவர் முகத்தைப் பார்த்தே சமைத்தவள் நான். மத்தியானம் வந்து பார்த்தால் அடுப்படியிலிருந்து கூடம் தெரிகிறது. கூடத்தைத் தாண்டி, பின்பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் புது அறையும் தெரிகிறது. எனக்கு வேண்டியது இதுதான். அடுப்பில் நின்றபடியே அந்த அறையில் இருப்பவரைப் பார்க்க முடிய வேண்டும்.

இருக்கப்போவது அம்மா. அது அம்மாவுக்குத்தான் இன்னும் தெரியாது.

மார்ச் 5

போன வருஷம் அம்மா குளியலறையில் விழுந்தாள். மூன்றாம் மாடி வாடகை வீடு, தனி ஆள். எதிர்வீட்டுப் பெண்ணின் காதில் சத்தம் விழும்வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. எங்களோடு வந்துவிடு என்று எத்தனையோ முறை கேட்டாயிற்று. "நாலு நாள் இருந்தா விருந்தாளி. அதுக்கு மேல இருந்தா இடைஞ்சல்" என்பாள். பேச்சு முடிந்தது.

அதனால்தான் புது அறை எதற்கு என்று அம்மா கேட்டபோது ஸ்டோர் ரூம் என்று சொல்லிவைத்தேன். முதலில் கட்டிவிடுவோம், பிறகு கையைப் பிடித்து உட்காரவைத்துவிடுவோம் என்று கணக்கு. இவர் சிரிக்கிறார். "உங்க அம்மாகிட்ட பொய் சொல்லி நீ என்னைக்கு ஜெயிச்சிருக்க?"

மார்ச் 9, ஞாயிறு

தட்டில் சிமெண்ட், தலையணையில் சிமெண்ட். துணி துவைக்கும் இடத்தில் அடுப்பை வைத்துச் சமையல். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார். நல்ல பழக்கம், வேலை முடிந்த பிறகும் தொடரட்டும்.

மார்ச் 14, வெள்ளி

தலையில் இடி.

ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் புது அறையின் ஜன்னலைக் காணோம். ஜன்னலுக்கு விட்டிருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, பூச்சும் முடித்திருந்தார்கள்!

மேஸ்திரி நிதானமாகச் சொன்னார். "பெரியம்மா வந்திருந்தாங்க. ஸ்டோர் ரூமுக்கு எதுக்கு ஜன்னல், வெயில் பட்டா சாமானெல்லாம் வீணாப் போகும், அடைச்சிடுப்பான்னாங்க. பரண்கூட ரெண்டடுக்கா வேணும்னாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"அவங்க சொன்ன தோரணையில கேக்கத் தோணலைம்மா."

அதுவும் சரிதான். எனக்கே தோன்றியதில்லை. தன் அறையின் ஜன்னலைத் தானே நின்று அடைத்துவிட்டுப் போயிருக்கிறாள் அம்மா, மகளுக்கு ஒத்தாசை செய்த திருப்தியோடு. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ என்னைப் போட்டுவைக்கத்தான் ஸ்டோர் ரூமா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா—"

"நீ சொன்னதுதானே."

கிளம்பும்போது "பாத்துப் போ" என்றாள், அவ்வளவுதான். ஏன் நேராகச் சொல்லித் தொலைக்கவில்லை நான்? மாட்டேன் என்றுவிடுவாளோ என்ற பயம். பயந்து பயந்து பெத்தவளைத் தட்டுமுட்டுச் சாமான் ஆக்கிட்டேனே.

மார்ச் 18

அம்மா போனை எடுக்கவில்லை.

மார்ச் 20

எடுத்தாள். "இருக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

மார்ச் 24, திங்கள்

ஆபீஸுக்கு மேஸ்திரியின் போன். "பெரியம்மா வந்திருக்காங்க, நீங்க வந்தா நல்லது." அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

புது அறை நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். சுவரோரம் கையில் சாக்பீஸோடு மேஸ்திரி.

"இன்னும் கீழ போடுப்பா கோட்டை. உக்காந்தா பின்தெரு தெரிய வேண்டாமா?"

என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "மனுஷங்க இருக்கிற ரூமை ஜன்னல் இல்லாம எவளாவது கட்டுவாளாடி?"

அடைக்கச் சொன்னது யார் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அப்பாடா என்று அங்கே கிடந்த சிமெண்ட் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போகும்போது மட்டும் கறாராகச் சொன்னாள். "வந்து இருந்து பாக்குறேன். ஒத்துவரலைன்னா கிளம்பிடுவேன். என் வீடு அப்படியே இருக்கட்டும்."

ஏப்ரல் 27, ஞாயிறு

அம்மா வந்துவிட்டாள். ஒரே ஒரு பையோடு. ஊருக்குப் போகிறவர்கள் எடுத்துப்போகிற அளவுதான். இன்னும் அதிலிருந்துதான் புடவையை எடுத்துக் கட்டுகிறாள், அலமாரியைத் திறக்கவே இல்லை.

மே 3, சனி

இன்று அம்மாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. காலையில் எழுந்து பார்த்தால் புதுச் சமையலறை தலைகீழாகக் கிடக்கிறது. கரண்டி இருந்த இடத்தில் மூடிகள், மூடி இருந்த இடத்தில் டப்பாக்கள். ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து நான் அடுக்கியது.

"எதுக்கும்மா எல்லாத்தையும் மாத்தின?"

"எனக்குக் குனிய முடியாது. கைக்கு எட்டுறமாதிரி வெச்சுக்கிட்டேன்."

"இது என் சமையலறைம்மா!"

"கத்தாதே. நான் வேற எங்கடி போவேன்? அந்த வீட்டுச் சாவியை நேத்தே ஓனர்கிட்ட குடுத்தாச்சு. இனிமே உன்கூடத்தான் மல்லுக்கட்டணும்."

சொல்லிவிட்டு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஏதோ பால் வாங்கியாச்சு என்று சொன்னமாதிரி.

எனக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. மறைந்து நின்று அழலாம் என்று பார்த்தால் வீட்டில் ஒரு சுவர் இல்லை. அம்மா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நான் அழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.