கத்தி இல்லாத வைத்தியம்

தம்பிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. அப்பா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் தெரிந்துகொள். ஃபோனில் திட்டினால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் பித்தப்பையில் நான்கு கல் என்று ஸ்கேனில் தெரிந்ததும், பையையே எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னார். அப்பா அரை மனதாகத் தலையாட்டினார். அன்று சாயங்காலமே நீ பேசினாய். கத்தியே படாமல், வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பிக் கல்லைப் பொடியாக்கிவிடுவார்கள், மறுநாளே எழுந்து நடக்கலாம் என்றாய். ஆபரேஷனுக்குப் போன அம்மா திரும்பி வராத வீடு இது. அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? குறுக்கே பேசிய நான் பொல்லாதவள் ஆனேன்.

நீ பார்த்து வைத்த இடத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரம், டக் டக் என்று சத்தம். வெளியே வந்தவர், ஒரு கீறல்கூட இல்லை பார் என்று தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினார். எல்லாம் பையன் மூளை என்று பெருமை வேறு.

பத்தாம் நாள் அச்சகத்தில் பைண்டிங் மேஜையில் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஃபோனில் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், அப்பா குளியலறைத் தரையில் சுருண்டு கிடக்கிறார். கண்ணெல்லாம் மஞ்சள், உடம்பு அனல். உடைந்த துண்டு ஒன்று பித்தக் குழாயை அடைத்துக்கொண்டதாம். வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் நான். 'இப்போ எப்படி?' என்று மெசேஜில் நீ.

அந்த வைத்தியமே பொய்யா என்று டாக்டரைக் கேட்டேன். பொய்யில்லை, ஒரே ஒரு சின்னக் கல் இருக்கிற சிலருக்குச் சரிவரும், இவருக்குச் செய்திருக்கவே கூடாது என்றார். அந்த இடத்துக்காரர்கள் ஸ்கேனைப் பார்த்துவிட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர்களை நான் சும்மா விடப்போவதில்லை. ஆனால் நீ? இது அப்பாவுக்குப் பொருந்துமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

மிச்சக் கல் உள்ளேயே இருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் பையை எடுத்தே ஆக வேண்டும். ஆபரேஷன் சம்மதப் படிவத்தை நீட்டினால் அப்பா பேனாவைத் தொடவில்லை.

"அவன் சொல்லட்டும், போடறேன்."

இவ்வளவு பட்ட பிறகும் அவன்தான். மலம், மூத்திரம் எடுத்த நான் யாரடா? எனக்கு வந்த ஆத்திரத்தில் படிவத்தைக் கிழித்திருப்பேன். நர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டார்.

உனக்கும் பயம்தான் என்று எனக்குத் தெரியும். பயந்துகொண்டே வா. அவர் எதிரில் நின்று, செய்துகொள்ளுங்கள் அப்பா என்று உன் வாயால் சொல். அதற்கப்புறம் நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் அவரை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தும்போது, வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் இரு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா