ஆடியில் சாய்த்து வைத்த பலகை

ஜூலை 12, சனி

ஜவஹர் இன்று சவரம் செய்துகொண்டான். தரமணி வேலை போனதிலிருந்து கட்டிலை விட்டு எழாத தம்பி, மந்தைவெளி மரக்கடை வரை என்னோடு நடந்தே வந்தான். ஆறடிக்கு மூன்றடி ப்ளைவுட், கால்களுக்கு நாலு சட்டம். முதல் சம்பளத்தில் வாங்கிப் பிரிக்காமலே கிடக்கும் குட்டி ரயிலுக்கு மேஜை போடப்போகிறானாம். தச்சர் வேண்டாம், தானே அறுப்பேன் என்கிறான். அறுக்கட்டும். விரலை அறுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுந்து நின்றானே.

ஜூலை 15

"மேஜை உயரமா இருக்கணும்க்கா. குனிஞ்சு பார்த்தா பொம்மை. கண்ணுக்கு நேரா பார்த்தாதான் ரயில்."

ஒரே மூச்சில் இவ்வளவு பேசி எத்தனை மாதமாயிற்று. பலகையில் பென்சில் கோடெல்லாம் போட்டுவிட்டான். கீழ்வீட்டு இனாயத் பாய் வியாழக்கிழமை ரம்பம் தருகிறார்.

ஜூலை 17

ரம்பம் வந்தது. அம்மா குறுக்கே நின்றாள். "ஆடி பொறந்துட்டு. புதுசா ஒண்ணும் தொடங்கப்படாது. இருக்கிற கஷ்டம் போதாதா?"

இது என்ன கல்யாணமா, கிரகப்பிரவேசமா என்று கத்தினேன். அழுதாள். பிள்ளைக்கு இன்னொரு அடி விழுந்துவிடுமோ என்கிற பயம். பயத்தோடு வாதாடி யார் ஜெயித்தது?

"விடுக்கா, ஆவணில பார்த்துக்கலாம்" என்றான் ஜவஹர். பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

ஜூலை 26

படுத்தேதான் இருக்கிறான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

ஆகஸ்ட் 9

டாக்டரிடம் போகலாம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ரசம் சாதம் தட்டிலேயே காய்ந்து கிடந்தது.

தி.நகர் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், பில் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. ஊரே ஆடியில் புதுத்துணி வாங்கலாம். என் தம்பி நாலு கட்டை அறுக்கக் கூடாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முகூர்த்த நாளாம். காலண்டர் பார்த்து, தச்சர் அய்யாதுரையை அம்மாவே கூட்டிவந்தாள். மத்தியானத்துக்குள் மேஜை நின்றது. குங்குமம்கூட வைத்தாள்.

"நல்லாருக்கும்மா" என்றான் ஜவஹர், பார்க்காமலே.

செப்டம்பர் 6

மேஜைமேல் மடிக்காத துணி குவிகிறது.

"நான் தடுத்திருக்கப்படாது ப்ரியா" என்றாள் அம்மா. ஆமாம் என்று சொல்கிற அளவுக்குக் கோபம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

துணியையெல்லாம் எடுத்துவிட்டு, ரயில் பெட்டியை அம்மாவே பிரித்திருக்கிறாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்க்கிறாள். சேரவில்லை. எனக்கும் தெரியாது.

கட்டிலிலிருந்து குரல் வருகிறது. "அழுத்தாதம்மா, உடைஞ்சிரும். திருப்பிப் பிடி."

திருப்பிப் பிடிக்கிறாள்.

"வரலியேப்பா."

கட்டில் முனகுகிறது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி படுத்துவிடுவானோ என்னவோ — நானும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.