மூன்று ராத்தல் கல்

1934 பிப்ரவரி 20, செவ்வாய்

புது ஆட்டுக்கல்லில் அரைத்த முதல் மாவு இன்று காலை தோசையானது. பழைய கல் விரிசல் விட்டதிலிருந்து பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லியின் கல்லுக்கு மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அந்த அலைச்சல் தீர்ந்தது. கிள்ளானில் ரெங்கசாமி கடையில் வாங்கி, ரயிலில் ஏற்றி, பிரிக்பீல்ட்ஸுக்கு வண்டியில் வந்து இறங்கிய கல். ஊரிலிருந்து நாகப்பட்டினத்துக் கப்பலில் கடல் தாண்டி வந்ததாம். மூன்று நாள் உமி போட்டு அரைத்துப் பழக்கிவிட்டுத்தான் அரிசியைப் போட்டேன்.

என் மெஸ்ஸில் சாப்பிடுகிற எட்டுப் பேரும் ரயில்வேயில் வேலை செய்கிற கல்யாணமாகாத பிள்ளைகள். தோசை எப்படி என்று கேட்டேன். யாரும் நிமிரவில்லை. "நல்லாத்தான் இருக்குக்கா" என்றார் தந்தி கிளார்க் ஜெயராஜ். இழுத்த இழுப்பே சரியில்லை.

நானும் ஒரு வாய் தின்றேன். நறநற.

பிப்ரவரி 21, புதன்

அரிசியை இரண்டு தடவை புடைத்தேன். உளுந்தை முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு கல் இல்லை. மாவு அரைத்தால் மட்டும் நறநற. எனக்குத்தான் கண் கெட்டுவிட்டதா?

பிப்ரவரி 22, வியாழன்

ஜெயராஜுக்குப் பல் முனை உடைந்துவிட்டது. என் தோசையில்! இட்லியாக இருந்தால்கூட மனசு ஆறியிருக்குமோ என்னவோ — சே, என்ன எழுதுகிறேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். மற்றவர்கள்தான் சொன்னார்கள். "மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறோம்க்கா. அப்புறம் எதிர் வரிசைக் கடைக்குப் போயிடுவோம், தப்பா நினைக்காதீங்க." அடுத்த மாதக் கடைசியைத்தான் சொல்கிறார்கள். இந்த மாதம் முடிய இன்னும் ஆறு நாள்தானே இருக்கிறது, என்ன பெருந்தன்மை.

ஏழு வருஷமாக இந்த மெஸ்ஸை நடத்துகிறேன். என் கையால் நான் உண்டாக்கியது என்று சொல்ல எனக்கு வேறு என்ன இருக்கிறது? பிள்ளைகுட்டி இல்லை. வெளியே போனால் நான் "பார்சல் கிளார்க் வீட்டம்மா". சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் எட்டுப் பேருக்கு அக்கா.

பிப்ரவரி 24, சனி

இன்று ஒரு வேலை செய்தேன். அரிசியும் இல்லாமல் உளுந்தும் இல்லாமல், கல்லை நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீரை ஊற்றி அரை நாழிகை ஆட்டினேன். புஷ்பவல்லி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னக்கா, தண்ணிய அரைக்கிறீங்க?" என்று சிரித்தாள். அரைத்த தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டினேன்.

துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு பிடி மணல்.

புஷ்பவல்லியின் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். மூன்று நாளாக அரிசியைத் திட்டினேன், உளுந்தைத் திட்டினேன், என் கண்ணைத் திட்டினேன். குற்றவாளி நடுவீட்டில் குந்தியிருக்கிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

கிள்ளானுக்குப் போய் வந்தேன். ரெங்கசாமி, "அடடே, கிளார்க் வீட்டம்மாவா, வாங்க வாங்க" என்று நாற்காலி போட்டுக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். சொன்னதைக் கேட்டார். கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, "பழக்கினீங்களா?" என்றார்.

"மூணு நாள் பழக்கினேன்."

"மூணு நாளா? இது கெட்டிக் கல்லும்மா. பத்து நாள் உமி போட்டு அரைக்கணும். பொம்பளைங்க இப்பல்லாம் கை நோகுதுன்னு பாதியில விட்டுடுறீங்க, அப்புறம் கல்லு மேல பழி."

எனக்குச் சுர்ரென்றது. ஆனாலும் ஒரு சந்தேகம் — ஒருவேளை அப்படித்தானோ? நானே சோம்பல்பட்டு விட்டேனோ? தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கலரையும் குடித்துவிட்டேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

அவர் தலைக்கு மேலே பலகையில் பெரிய எழுத்து: விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது.

மார்ச் 3, சனி

உமி. உமி. உமி. தோள்பட்டை இருக்கிறதா என்றே தெரியவில்லை. மெஸ்ஸுக்கு மாவு மறுபடியும் புஷ்பவல்லி கல்லில்தான்.

மார்ச் 9, வெள்ளி

பத்து நாளுக்கு மேலே இரண்டு நாளும் அரைத்தாயிற்று. இன்று வெறும் தண்ணீர் வைத்து ஆட்டி வடிகட்டினேன்.

அதே மணல். அதே ஒரு பிடி.

சோம்பேறி நானா? இருக்கட்டும் ஐயா, இருக்கட்டும்.

மணலைக் கொட்டவில்லை. காயவைத்து பிஸ்கட் டின்னில் போட்டேன். இனி தினமும் வடிகட்டி அதில் சேர்ப்பேன்.

மார்ச் 13, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு கல்லுக்காகக் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடக்கணுமா? விட்டுத் தள்ளு, வேற வாங்கிக்கலாம்" என்றார். வேறு வாங்கினால் ரெங்கசாமி ஜெயித்துவிடுவார். நான் கை நோகுதென்று விட்டவளாகிவிடுவேன். இதை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

கோபத்தில் அலமாரியை அடுக்கினேன் (கோபம் வந்தால்தான் எனக்கு வீடு சுத்தமாகும்). கம்பியில் குத்தியிருந்த பழைய காகிதங்களில் கல் வந்த ரயில் ரசீது கிடைத்தது. இங்கிலீஷ்தான், ஆனாலும் எண் எனக்குத் தெரியும். கல்லும் குழவியும் சேர்த்து 147 ராத்தல். கூட்ஸ் ஷெட் தராசில் நிறுத்து, அவரே கைப்பட எழுதியது.

நின்ற இடத்திலேயே நின்றேன். இப்போது நிறுத்தால்?

மார்ச் 14, புதன்

"கல்லைத் தூக்கிட்டு ஊர்கோலம் போகணுங்கிறியா?" என்று அவர் சிரித்தார். நான் விடவில்லை. "அந்த ரெங்கசாமி உங்க தராசே தப்புன்னு சொல்லப் போறாரு, பாருங்க" என்றேன். சும்மா கொளுத்திப் போட்டதுதான்.

பிடித்துக்கொண்டது. சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டார். "என் தராசா? மாசாமாசம் துரை வந்து சோதிக்கிற தராசு. அதைத் தப்புன்னு சொல்ல அவன் யாரு?"

சனிக்கிழமை கல்லைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

மார்ச் 17, சனி

இன்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. அரை நாள் வேலை முடிந்து வந்த எட்டுப் பேரும் ஆட்டுக்கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளினார்கள். உடைந்த பல்லோடு ஜெயராஜ் முன்னால், குடை பிடித்துக்கொண்டு நான் பின்னால். "எந்தக் கோயிலுக்குச் சாமி போகுது?" என்று யாரோ கேட்டார்கள். "கூட்ஸ் ஷெட் கோயிலுக்கு!" என்று கத்தினார் ஜெயராஜ்.

கல்லைத் துடைக்க வேண்டாம், ஈரத்தோடே நிறுங்கள் என்றேன். ஈரம் எடையைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

அவர் தராசைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கல்லை இறக்கச் சொல்லி, தராசைச் சரிபார்த்து, மறுபடி ஏற்றச் சொன்னார்.

144.

மூன்று ராத்தல். கொஞ்சம் உமியோடு போனது, கொஞ்சம் டின்னில் இருக்கிறது. மீதி? எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் தாளை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, ரயில்வே முத்திரையும் குத்திக் கொடுத்தார். முத்திரை குத்தின வேகத்தில் மேசை ஆடியது. இத்தனை நாள் இந்த மனுஷன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்தச் சத்தத்தோடு போயிற்று.

மார்ச் 18, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்.

முதல் ரயிலுக்கே போனேன். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டும்வரை மனசுக்குள் பேசிப் பேசிப் பார்த்தேன். கடையில் போய் நின்றதும் பேசி வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மாரியாயி என்று பிறகு தெரிந்துகொண்டேன், அம்மிக்கல் ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெங்கசாமி இன்று நாற்காலி போடவில்லை. நான் யாரென்றே தெரியாத முகம். இரண்டு சீட்டையும் நீட்டினேன். "இங்கிலீஷெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. யார் பேருக்குச் சரக்குப் போச்சு? வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க, புத்தகத்துல பார்க்கிறேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரை எப்படிச் சொல்வது? பதினோரு வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லை.

அது ரெங்கசாமிக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே ஒரு சிரிப்பு. "பேரு சொல்லலன்னா நான் எங்கம்மா தேடுறது? போயிட்டு அவரையே வரச் சொல்லுங்க."

அந்தச் சிரிப்புதான். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் திரும்பி வந்திருப்பேனோ என்னவோ.

"வேலாயுதம்!" என்றேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு தடவை சொன்னதும் பயம் போய்விட்டது, இன்னொரு தடவையும் சொன்னேன். "வேலாயுதம். பார்சல் கிளார்க் வேலாயுதம். எழுதியிருக்கும், பாருங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. ரெங்கசாமி பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிக்காமல் என்ன செய்வார்?

"போகும்போது நூத்து நாப்பத்தேழு. ஒரு மாசம் கழிச்சு நூத்து நாப்பத்து நாலு. ஒரே தராசு, ரயில்வே முத்திரை" என்றேன்.

"பழக்கினா கல்லு கொஞ்சம் தேயத்தான்மா செய்யும்."

"கொஞ்சமா? மாசம் மூணு ராத்தல் தேஞ்சா நாலு வருஷத்துல கல்லே இருக்காது முதலாளி. மாவு ஆட்டுற குழிக்கு நான் எங்க போறது?"

யாரோ சிரித்தார்கள். அவர் பலகையைக் காட்டினார். "விற்ற சாமான் திரும்ப எடுக்க மாட்டோம். படிக்கத் தெரியும்ல?"

"தெரியும். நீங்க வித்தது ஆட்டுக்கல்லு. எங்க வீட்டுக்கு வந்தது கரையுற கல்லு. நீங்க வித்த சாமான் இன்னும் எனக்கு வந்து சேரவே இல்ல. அதைக் கொடுங்கன்னுதான் கேக்குறேன்."

பிஸ்கட் டின்னைத் திறந்து அவர் மேசைமேல் கவிழ்த்தேன். மணல் குவிந்தது. "இது நான் வடிகட்டினது. மீதிய என் மெஸ்ஸுல எட்டுப் பேர் தோசையோட தின்னுட்டாங்க. அதுல ஒருத்தருக்குப் பல்லு போச்சு."

அப்போதுதான் மாரியாயி அம்மிக்கல்லிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப எனக்கும் வேணாங்க முதலாளி" என்றாள் மெதுவாக. "வருஷம் பூரா சேத்து வச்சு வாங்க வந்தேன். மண்ணு திங்கவா?" அவள் பின்னால் நின்ற இரண்டு பேரும் அரிவாள்மணையைக் கீழே வைத்தார்கள்.

ரெங்கசாமி மணலைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ள வாங்கம்மா, பேசிக்கலாம்" என்றார்.

"இங்கயே பேசுவோம்" என்றேன்.

அங்கேயே பேசினோம். கிடங்கிலிருந்து நான்கு கல் கொண்டுவந்து வைத்தார்கள். ஆணியால் கீறினேன், தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன், குழவியால் தட்டிக் கேட்டேன். மூன்றாவது கல் கணீரென்றது. அதேபோல மாரியாயிக்கும் ஒரு அம்மி தேர்ந்து கொடுத்தேன். ரயில் கூலி அவருடையது. பழைய கல்லை எடுத்துப் போவதும் அவர் செலவு. ஜெயராஜ் பல்லுக்கு மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"யார் பேருக்கு அனுப்பணும்?" என்று கேட்டார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"என் பேருக்கு" என்றேன். "இராஜம்மா."

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். "கடையில உங்க பேரச் சொல்லிட்டேன்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை இருக்கும்."

"சத்தமாவா?"

"தெரு முனை வரைக்கும்."

குடித்த காப்பி மூக்கில் ஏறும்வரை சிரித்தார்.

மார்ச் 21, புதன்

மத்தியானம் ஷெட்டிலிருந்து அவர் ஆள் விட்டிருந்தார். ரயில்வேக் காகிதத்தில் தமிழில்: "இராஜம்மா என்பவருக்குக் கிள்ளானிலிருந்து சரக்கு வந்துள்ளது. உரியவர் நேரில் வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்கப்படமாட்டாது."

கோயிலுக்குக் கும்பிடப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் புத்தகத்தைத் திருப்பி வைத்து, "இராஜம்மாங்கிறது நீங்கதானா?" என்று கேட்டார். அவர் வாயில் என் பெயரைக் கேட்பதே அபூர்வம். நான்தான் என்றேன். கையெழுத்துப் போட்டேன். ஒற்றுத்தாளை எடுத்து அவரே மையை மெதுவாக ஒற்றினார்.

139 ராத்தல்.

மார்ச் 27, செவ்வாய்

ஐந்து நாள் பழக்கினேன். தண்ணீர் ஆட்டி வடிகட்டினேன். துணி வெள்ளை.

மார்ச் 31, சனி

மாசக் கடைசி. எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஜெயராஜ் முதல் விள்ளலைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம்.

"அக்கா, ஒரு குறை இருக்கு" என்றார். கரண்டியோடு கிட்டே போனேன்.

"சட்னியில உப்பு."

கரண்டியை ஓங்கினேன். ஒன்பது தோசை தின்றார். ஒருவரும் எதிர் வரிசைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 19, வியாழன்

கல்லைத் தள்ளிக்கொண்டு போய் மறுபடி நிறுத்தோம். 139. அவர் அதற்கும் முத்திரை குத்திக் கொடுத்தார், நான் கேட்காமலே.

ஏப்ரல் 20, வெள்ளி

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு குரல்: "இங்க கல்லு இராஜம்மா வீடு எதுங்க?" தெருவே கை காட்டியிருக்க வேண்டும். வாசலில் மாரியாயி நிற்கிறாள், கையில் புது வாளி. அம்மி நன்றாக இருக்கிறதாம். இந்த வாளி வேறு கடையில், கிள்ளான் பாசாரில் வாங்கியதாம். வாங்கி மூன்று நாள். கடைக்காரன் திரும்பப் பார்க்கவே மாட்டேன் என்கிறானாம்.

இரண்டு தோசை வைத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டு, வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒழுகுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு முதல் ரயிலில் போக, அவரிடம் ரயில்வே பாஸ் வாங்கித் தரச் சொல்ல வேண்டும்.