நல்ல ரத்தம்

ரத்தத்த வித்துட்டேன்னு கத்திட்டு ஃபோன வெச்சிட்டியே அஞ்சலாட்சி, மீதிய யாரு கேக்கறது? அதான் கடுதாசி. நான் சொல்லச் சொல்ல எழுதறது எங்க ஆராய்ச்சிக்கூடத்து சரிதா பாப்பா. உன் முட்டிவலி எப்படி? திட்டறதுக்கு மூச்சு இருக்கே, நல்லாத்தான் இருப்ப.

புத்துநோய்க்காரங்க ரத்தத்தோட ஒத்துப்பாக்க, நோயில்லாதவங்க ரத்தமும் வேணும். அதுக்கு இங்க வேல செய்யறவங்களே கை நீட்டுவோம். பாண்டிச்சேரியிலயே வாட்ச்மேன் ரத்தந்தான் சுத்தம்னு நானும் நீட்டினேன். நோயோட சண்ட போடற வெள்ளை அணுல, உப்பு போய்வர சின்னச் சின்னக் கதவு இருக்காம். அது ஒழுங்கா தொறந்து மூடுதான்னு பாப்பா மிஷின்ல பாக்குது. நான் கேட்ல பாக்கற அதே வேலதான், சம்பளம் மட்டும் அதுக்கு ஜாஸ்தி.

என் ரத்தத்துல அந்த வெள்ளை அணு கூட்டம் ஜாஸ்தியாம். நோயாளி டியூபு மாறிப்போச்சோன்னு மறுபடி எடுத்தாங்க. மாறல. திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்.

காரைக்கால் பஸ்ல என் கம்பளியக் குடுத்தனுப்பு. கொஞ்சம் நெத்திலிக் கருவாடு. தலைக்கு வெச்சிக்க உன் பழைய பொடவ ஒண்ணு.

இனிமே என் கோணக் கையெழுத்து. “ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்னு எழுது பாப்பா”ன்னேன். “அத மட்டும் எழுத மாட்டேன் தாத்தா”ன்னு பேனாவ வெச்சிட்டு எழுந்து போயிடுச்சி. சரி, நானே எழுதலாம்னு பாத்தேன். எனக்கும் கை வரல.

கேட்ல வண்டி நிக்குது, போய்த் தொறந்து விடணும். கம்பளிய பஸ்ல அனுப்பாத. நீயே எடுத்துட்டு வா.

தணிகாசலம்