முன்பக்கம் இன்னும் நாலு விரல்

பெப்ரவரி 11, செவ்வாய்

அண்ணை இன்றைக்கும் அந்த வானைப் பற்றித்தான் பேசினார். பின்கதவைத் திறந்தால் சாய்தளம் இறங்குமாம். சக்கர நாற்காலியோடு என்னை உள்ளே தள்ளி, நாலு பக்கமும் பட்டி போட்டு இறுக்கிவிடலாமாம். சுசிலா அண்ணி ஓட்டுவாவாம்.

"உனக்கு ஒரு கரைச்சலும் இல்லை கோசிகா. சும்மா இருந்தால் காணும்."

சும்மா இருப்பதுதான் கரைச்சல் என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது அப்படியொரு வானில் வந்திருக்கிறேன். நாற்காலியின் உயரத்தில் என் தலை கூரைக்குக் கிட்ட இருந்தது, யன்னல் எங்கோ கீழே. வால்தம்ஸ்டோச் சந்தைத் தெரு முழுவதையும் இடுப்புக்குக் கீழேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். கால்கள், கடைப் பைகள், ஒரு நாய். முகம் என்று ஒன்றுமில்லை.

என் பிக்கப் வாசலில் நிற்கிறது. ஹரோவில் ஒரு மண்டபத்தில், மணவறையின் உச்சிக்குப் பூக் கட்டும்போது ஏணியோடு விழுந்தேன். அன்று காலை அங்கே அதை ஓட்டிக்கொண்டு போனதுதான் கடைசி. இரண்டு வருடமாகிறது. இடைப்பட்ட காலத்தில் கையாலேயே பிறேக் பிடிக்கவும் வேகம் கூட்டவும் பழகி, சோதனை கொடுத்து, லைசென்ஸையும் திருப்பி வாங்கிவிட்டேன். பிக்கப்பிலும் அந்தக் கைப்பிடியைப் பூட்டியாயிற்று. ஓட்ட ஏலும். ஏறத்தான் ஏலாது. சீற் என் நாற்காலியைவிட அவ்வளவு உயரம்.

தரிப்பில் நிற்கிற பஸ் எனக்காகப் பக்கம் சரிந்து பதிகிறது. பிக்கப் ஏன் பதியக்கூடாது?

பெப்ரவரி 16, ஞாயிறு

யதுசனின் கராஜுக்குப் போனேன். ரயில் பாலத்து வளைவுக்குள் இருக்கிறது. ஜெர்மனியில் வளர்ந்து இங்கே வந்தவர். கண்காட்சிக்குக் கொண்டுபோகிற பிக்கப்களுக்குக் காற்றுப் பை பூட்டுவது அவருடைய தொழிலில் பாதி, பைத்தியத்தில் முழுக்க. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக றப்பர் பை. சுவிட்சைத் தட்டினால் காற்று வெளியேறி வண்டி வயிற்றோடு நிலத்தில் படுத்துவிடும். திரும்பத் தட்டினால் எழும்பும்.

"அப்ப எனக்குப் படுக்க வையும்," என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அங்கே நின்ற ஒரு பிக்கப்புக்குக் கீழே லைட்டைப் பிடித்துக் காட்டத் தொடங்கினார்.

"பின்பக்கம் சுகம் அக்கா. முன்பக்கம்தான் யோசிக்க வேணும். ஸ்டியரிங் அங்கதான் கிடக்கு. அங்க பிழைச்சால் எல்லாம் பிழைக்கும்."

முன்பக்கத்துக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, சில்லைச் சட்டத்தோடு இணைக்கிற ஆர்ம்களை இருக்கிறபடியே வைத்துக்கொண்டு பையை மட்டும் பூட்டுவது. மற்றது, பையோடு ஸ்பிண்டிலையும் மாற்றுவது. ஸ்பிண்டில் என்பது சில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புத் துண்டு. அச்சை மேலே தள்ளி வார்த்த ஸ்பிண்டில் அமெரிக்காவில் கிடைக்குமாம். அதைப் போட்டால் சில்லு வண்டிக்குள் மேலே ஏறும், வண்டி அந்தளவுக்குக் கீழே வரும்.

நான் ஸ்பிண்டிலைக் கேட்டேன். யதுசன் வேண்டாமென்று தலையாட்டினார். பை மட்டும் போதுமாம், எத்தனையோ வண்டிக்குச் செய்தாராம்.

அந்த எத்தனையோ வண்டியிலும் ஏறினவர்களுக்குக் கால் இயங்கியது. இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி, பை மட்டும் போடட்டும். ஆனால் நான் கேட்டேன் என்பது இங்கே இருக்கட்டும்.

பெப்ரவரி 19, புதன்

அண்ணைக்குச் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

மார்ச் 1, சனி

அண்ணை திரும்பப் போன் எடுத்தார். கோபம் ஆறவில்லை, ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஆக்கள் என்ன சொல்லுவினம்? பொடியள் பாட்டுப் போட்டுக்கொண்டு திரியிற வண்டி அது. உனக்கு முப்பத்தெட்டு வயசு."

"பாட்டு நானும் போடுவன் அண்ணை."

பிறகு உண்மையான விஷயத்துக்கு வந்தார். பிக்கப்பை விற்றுவிட்டு, இந்த வீட்டையும் விட்டு, ஹரோவில் தங்களுடைய கீழ் அறைக்கு வந்துவிடட்டாம். அண்ணி அறைக்குப் புதுத் திரைச்சீலைகூட வாங்கிவிட்டாவாம். தோட்டம் தெரியுமாம்.

அவர் நல்லவர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் ஒரு வசனத்தில் முடித்திருப்பேன். விழுந்த பிறகு மூன்று மாதம், வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர். அந்த மூன்று மாதத்திலிருந்து அவர் இன்னும் எழும்பவில்லை. நான் எழும்பிவிட்டேன்.

"திரும்பக் கல்யாண மணவறை வேலை எடுக்கிறன் அண்ணை. ஆளுகள் தூக்குவாங்கள், நான் நிண்டு—" வாய்தவறி நிண்டு என்று சொல்லிவிட்டேன். "நான் இருந்து செய்விப்பன். மண்டபத்துக்கு மண்டபம் போக எனக்கு வண்டி வேணும். திரைச்சீலை வேண்டாம்."

மார்ச் 22, சனி

எழுத விருப்பமில்லை. எழுதத்தான் வேண்டும்.

பை பூட்டி முடிந்தது. அண்ணையும் பார்க்க வந்திருந்தார், அழைக்காமல். யதுசன் சுவிட்சைத் தட்டினார். வண்டி உஸ்ஸென்று மூச்சுவிட்டுக் கீழே வந்தது. எவ்வளவு வடிவு! ஒரு பெரிய மாடு முன்னங்காலை மடக்கிற மாதிரி. நாற்காலியைக் கதவோடு அணைத்தேன். சீற் இன்னும் மேலே நின்றது. நாலு விரல்.

"இன்னும் பதியும்," என்றேன்.

"இவ்வளவும்தான் அக்கா. பை முழுக்க நசுங்கிப் போச்சு. ஆர்முக்கு இதுக்கு மேல இடமில்லை."

நாலு விரல்தானே என்று நாற்காலிக்கும் சீற்றுக்கும் பாலமாகச் சறுக்குப் பலகையை வைத்தேன். மேல்நோக்கிச் சாய்ந்து நின்றது. கையை ஊன்றி உன்னினேன். பாதி தூரம் போனேன். பலகை வழுக்கியது. நாற்காலிக்கும் வண்டிக்கும் நடுவில், கொங்கிரீட்டில், ஒயில் கறையில் இருந்தேன்.

நோகவில்லை. நோகாது. அதுதான் பயம், பிறகு உடம்பெல்லாம் தேடிப்பார்க்க வேண்டும்.

அண்ணை ஓடிவந்து தூக்கினார். கேட்கவில்லை, கையைப் போட்டுச் சின்னப்பிள்ளையைத் தூக்கிற மாதிரித் தூக்கி நாற்காலியில் வைத்தார். அவருக்கு முகம் வெளிறிப் போயிருந்தது.

"இனிக் காணும் கோசிகா. காணும். இதை வித்துப்போட்டு வீட்டை வா."

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். யதுசன் போதுமெண்டான், அண்ணை காணுமெண்டார். எல்லாருக்கும் காணுது. எனக்குத்தான் நாலு விரல் காணேல்லை.

மார்ச் 23, ஞாயிறு

காயமில்லை. காற்சட்டையில் ஒயில். தோய்த்தும் போகவில்லை.

மார்ச் 26, புதன்

மஹதியிடம் போனேன். ஆஸ்பத்திரியில் எனக்கு நாற்காலியில் வாழப் பழக்கியவர், மதுரைப் பக்கம். விழுந்ததைச் சொன்னதும் பரிதாபப்படவில்லை, அதற்காகவே அவரைப் பிடிக்கும். என் இரண்டு தோளையும் அழுத்திப் பார்த்தார்.

"ஏறிடுவீங்க. உங்களால முடியும். பலகையை இறுக்கிக் கட்டினா நாளைக்கே ஏறிடுவீங்க. ஆனா தினம் ரெண்டு தடவை மேல்நோக்கி உன்னி ஏறினா தோள் போயிடும். தோள் போச்சுன்னா அப்புறம் நாற்காலியைக்கூடத் தள்ள முடியாது. உங்களுக்குக் காலும் அதுதான், கையும் அதுதான்."

"அப்ப விக்கச் சொல்லுறியளோ?"

"நான் எங்க வித்துடுங்கன்னு சொன்னேன்? வண்டியை இன்னும் இறக்குங்கன்னு சொல்றேன். சீட்டும் நாற்காலியும் ஒரே மட்டத்துல வரணும். வரலைன்னா ஓட்டாதீங்க."

இன்னொன்றும் சொன்னார். வண்டி பதியும்போது நான் கதவில் சாய்ந்திருப்பேன், அதனால் சட்டென்று விழக்கூடாது, மெதுவாக இறங்க வேண்டும். இது யதுசனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கண்காட்சிக்காரருக்கு டமாரென்று விழுந்தால்தான் கைதட்டல்.

ஏப்ரல் 5, சனி

யதுசனோடு சண்டை. நல்ல சண்டை.

"ஸ்பிண்டில் போடுவம்," என்றேன்.

"போட்டால் சில்லு மேல ஏறும் அக்கா. மட்காட்டுக்குள்ள முட்டும். திருப்பேக்க தேயும்."

"உள்பக்கத்தை வெட்டும்."

"சில்லும் மாத்தவேணும். உள்விட்டம் காணாது."

"மாத்தும்."

"வடிவான வண்டி அக்கா, துருப்பிடிக்காத வண்டி. இதை வாளால அரிய எனக்கு மனசில்லை."

"யதுசன், என்ர முதுகில எத்தினை இடத்தில வெட்டினவங்கள் தெரியுமோ? நான் ஓடேல்லையோ?"

சத்தமாகச் சொல்லிவிட்டேன். வளைவுக்குள் எதிரொலித்தது. மேலே ஒரு ரயில் போய் முடிந்தது.

பிறகு அவர் பழைய ஆர்மைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினார். தான் முதலிலேயே என் நாற்காலிக்கும் சீற்றுக்கும் அளவெடுத்திருக்க வேண்டும் என்றார். தான் நிலத்துக்கும் சட்டத்துக்கும்தான் அளந்தவராம், எப்போதும் அப்படித்தானாம். நான் சரி என்றேன். அதற்குமேல் அவரைப் போட்டுப் பிசையவில்லை.

அதன் பிறகு இரண்டு பேருமாக இருந்து முன்பக்கத்தைத் தெரிவுசெய்தோம். ஒன்றும் அவர் விருப்பத்துக்கு மட்டும் விடவில்லை. உயர்த்தி வார்த்த ஸ்பிண்டில், நிச்சயம். அதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு: வண்டி பதிவாக ஓடும்போதும் ஆர்ம் நேர்மட்டமாக நிற்கும், ஆகவே ஸ்டியரிங் குழம்பாது. பை, இரண்டு மடிப்புள்ள குட்டை ரகம். நீட்டு ரகம் மெத்தென்று ஓடுமாம், ஆனால் உள்ளே இடம் பிடிக்கும். எனக்கு மெத்தை வேண்டாம், இறக்கம் வேண்டும். மேல் ஆர்ம் புதிது, மூட்டுக் கோணம் சரியாக வரும்படி. பழசையே வளைத்துப் போடலாம் என்றார். முன்சில்லுச் சமாசாரத்தில் வளைத்த இரும்பில் நான் மோட்டர்வேயில் போகமாட்டேன் என்றேன். காற்றுக் குழாய், கடையிலுள்ளதிலேயே ஒடுங்கினது.

"இதில பதியிறதுக்கு ஒரு யுகம் எடுக்கும். பொடியள் சிரிப்பாங்கள்," என்றார்.

"சிரிக்கட்டும். நான் அவசரப்பட்டு எங்கையும் விழுறதாய் இல்லை."

ஏப்ரல் 29, செவ்வாய்

ஸ்பிண்டில் வந்துவிட்டது. மடியில் வைத்துப் பார்த்தேன், நல்ல பாரம். தொடைக்குப் பாரம் தெரியாது, கைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவு அசிங்கமான ஒரு பொருளை இவ்வளவு ஆசையாக நான் பார்த்ததில்லை.

அண்ணை போன் எடுக்கவில்லை. அண்ணி எடுத்தா. "அவர் பயத்திலதான் கத்துறார். நீங்கள் விழுந்ததைக் கண்ட நாளிலயிருந்து நித்திரையில்லை," என்றா.

எனக்கும் பயம்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை. பயத்தோடும் ஸ்பிண்டில் பூட்ட ஏலும்.

மே 10, சனி

இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. நானும் யதுசனும்தான்.

வண்டி மெதுவாக, பெருமூச்சு மாதிரி, பதிந்துகொண்டே வந்தது. போன தடவை நின்ற இடத்தைத் தாண்டியது. இன்னும் வந்தது. சட்டம் கொங்கிரீட்டைத் தொட்டுச் சின்னதாக ஒரு சத்தம்.

நாற்காலியை அணைத்தேன். பலகையை வைத்தேன். பலகை மட்டமாகக் கிடந்தது.

ஒரு தள்ளு. சீற்றில் இருந்தேன். இரண்டு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தேன். நாற்காலியின் சில்லுகளைக் கழற்றி, நாற்காலியையும் தூக்கிப் பக்கத்துச் சீற்றில் போட்டேன். கதவைச் சாத்தினேன். யதுசன் தூண் மாதிரித் தள்ளி நின்றார், கிட்ட வரவேயில்லை. அதற்கு அவருக்கு ஆயுசுக்கும் நன்றி.

சுவிட்சைத் தட்டினேன். எழும்பினோம், நானும் வண்டியும்.

அழமாட்டேன் என்று நினைத்திருந்தேன். போகட்டும். கண்ணாடிக்கு வெளியே முகங்கள் தெரிந்தன.

ஜூன் 6, வெள்ளி

காப்புறுதிக்காரர் மூன்று பேர் முடியாது என்றார்கள். நாலாவது ஒரு பெண், இருபது கேள்வி கேட்டுவிட்டு, படம் அனுப்பச் சொன்னா. அனுப்பினேன். "இது எனக்கே வேணும் போல இருக்கு," என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒப்புக்கொண்டா.

வருடாந்தச் சோதனையும் இன்று முடிந்தது. சோதிக்கிறவர் முன்பக்கத்தை நெடுநேரம் லைட் அடித்துப் பார்த்தார். மூட்டுகளைக் கம்பியால் நெம்பிப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. பாஸ்.

அண்ணைக்கு ஒரு வரி மெசேஜ் போட்டேன். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

இந்த மாதம் மூன்று மண்டபம். தனியாகப் போய், தனியாக வந்தேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

குரோய்டனில் ஒரு கல்யாணம், மணவறை என்னுடையது. மாப்பிள்ளையின் தகப்பன் அண்ணையின் பழைய சிநேகிதர். காலையில் அண்ணி போன் எடுத்தா: கார் இயங்கவில்லையாம், தான் சளிக்காய்ச்சலில் படுக்கையாம், அவரை ஏற்றிக்கொண்டு போக ஏலுமோ என்று. ஹரோவுக்குப் போய் ஹோர்ன் அடித்தேன்.

அண்ணை பட்டு வேட்டியோடு வந்து, பக்கத்துச் சீற்றில் கிடந்த என் நாற்காலியைப் பின்னால் ஏற்றிவிட்டு, அதில் ஏறிக்கொண்டார். பாதி வழி வேட்டி மடிப்பையே நீவிக்கொண்டு வந்தார். பிறகு நான் பிறேக் பிடிக்கிற கையைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஓடுறாய்," என்றார். வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மண்டப வாசலில் நிறுத்தி, பழக்கத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டேன். வண்டி படுத்துவிட்டது. அண்ணை கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். எழும்பப் பார்த்தார், முடியவில்லை. வேட்டி ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம்.

"இதென்ன கோசிகா, நிலத்தில இருக்கிற மாதிரிக் கிடக்கு. என்னாலை எழும்ப ஏலாமல் கிடக்கு."

"அவசரப்படாதேங்கோ. அப்பிடியே இருங்கோ அண்ணை."

சுவிட்சை மறுபக்கம் தட்டினேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டிருக்க, வண்டி அவரை மெல்ல மெல்ல உயர்த்தியது. கால் நேரானதும் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பின்னாலிருந்து நாற்காலியை எடுத்து என் கதவடியில் வைத்துவிட்டு, சிநேகிதரைத் தேடிப் போனார்.

வண்டியைத் திரும்பப் பதித்து நான் இறங்கினேன். பூக்காரர் வந்துவிட்டிருந்தார்கள்.